ஆடித் தள்ளுபடி

மேலூர் தாண்டித் திருப்பத்தூர் சாலையில்
மூடிக் கிடக்கிற கல் பட்டறை.
தார்ப்பாயை இழுத்தான் சோணமுத்து.
எலிப்புழுக்கை, பழைய பில் புத்தகம், பல்லிமுட்டை
எல்லாம் சரிந்து விழுந்தபிறகு
வெள்ளி நிறத்தில் ஒரு முதுகு.
இரண்டே கதவு. மூக்கில் நான்கு வளையம்.
இரண்டாயிரத்து மூன்றில் ஜெர்மனியிலிருந்து கப்பலேறியது.

"முதலாளி ஆடிக்கொருதரம் அமாவாசைக்கொருதரம்
அழகர்கோயில் வரைக்கும் ஓட்டுவாரு.
பிறகு கேஸ். பிறகு சீல்.
பிறகு அவரே இல்லை."
சொல்லிவிட்டு என்னைத் தாண்டிப் பார்த்தான்.
பேட்டரியைச் சுமந்துகொண்டு பீர்முகமது வந்தார்.
விலையை அவரிடம்தான் சொன்னான்:
ஏழு லட்சம்.

கே.கே. நகரில் காது மிஷின் விற்கிறேன்.
பதினெட்டு வருஷமாக
கண்ணாடி அறைக்குள் ஆட்களை உட்காரவைத்து
சத்தம் கேட்டால் கையைத் தூக்குங்க என்று சொல்கிறவள்.
பீர்முகமது சாவியைத் திருப்பினதும்
கண்ணை மூடிக்கொண்டேன்.
முதலில் இருமல்.
பிறகு டிக் டிக் டிக்,
மேல்வீட்டுத் தையல் மிஷின் மாதிரி.
எண்ணெய் ஏற ஏற அது குறைந்தது.
அதற்கும் அடியில்
தாழ்வாக, அவசரமில்லாமல், தொண்டையைக் காட்டாமல்
ஒரு சத்தம்.
எனக்குத் தெரியாமலே என் கை மேலே போயிருந்தது.

அவர் பார்த்தது வேறு.
பெல்ட்டில் வெடிப்பு.
மீட்டரில் பாதி எழுத்து செத்துப்போச்சு.
டயரெல்லாம் கல்லாகிவிட்டது.
ஆர்.டி.ஓ. ஆபீஸில் எத்தனை தடவை செருப்புத் தேயுமோ.

அக்கா ஃபோனில் கத்தினாள்:
"பவுன் ஏறும்டி, கார் இறங்கும்.
இதுகூடவா தெரியாது உனக்கு?"
தெரியும்.
புதுக் கார் கடைவாசல் தாண்டும்போதே இறங்கும்.
இது இறங்கவேண்டியதெல்லாம் இறங்கித்
தரையில் உட்கார்ந்திருக்கிறது.
"நல்லா வச்சிருந்தா பத்து வருஷத்துல
தேடி வருவாங்கம்மா" என்றார் பீர்முகமது,
ஸ்பானரைத் துடைத்தபடி.
விற்கப்போவதில்லை என்று
அவரிடமும் சொல்லவில்லை.

"ஆடி மாசம்" என்றேன் சோணமுத்துவிடம்.
"எவன் வண்டி வாங்குவான்?"
"வண்டியே ஆடிதானேக்கா."
அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தான்.
ஜவுளிக்கடைக்காரனே குறைக்கிற மாசம்,
நீ மட்டும் நிமிர்ந்து நிக்கலாமா?
ஐந்தே முக்காலில் நின்றது.
சீட்டுப் பணம் நாலரை.
மீதிக்கு, அக்காவுக்குத் தெரியாத இரண்டு வளையல்.

பெல்ட்டும் டயரும் அறுபதாயிரம் தின்றபிறகு
நாள் பார்க்காமல் ஓட்டிவந்தேன்.
ஆடிக்காற்றில் அம்மி பறக்கவில்லை,
பாலித்தீன் பைகள் பறந்தன.
சாலையோரம் ஒரு குன்று பாதியில் நின்றது,
கத்தி வைத்து எடுத்த அல்வா மாதிரி நேராக.
மறுபாதி எந்த ஊரில் ஹால் தரையோ.
அதில் ஒரு துண்டுதான் இந்த ஸ்டியரிங்.
பிடித்துக்கொண்டுதான் ஓட்டினேன்.

நான்கு வழிச்சாலையில் லாரிக்காரர்கள்
கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோல் குனிந்து பார்த்தார்கள்.
ஒத்தக்கடையில் யானைமலை வந்தது, முழுசாக.
பானெட்டில் ஏறிப் படுத்தது.
ஆடி என்றால் கண்ணாடி என்றும் அர்த்தம்,
ஒன்பதாம் வகுப்பில் ஒரு மார்க் கேள்வி.
துதிக்கை நெளிந்து முதுகு நீண்டு
என் வரைக்கும் வந்த யானை
மாட்டுத்தாவணி சிக்னலில்
ஒரு டவுன் பஸ்ஸின் நிழலுக்குள் போய்விட்டது.

அபார்ட்மெண்ட் வாசலில் வாட்ச்மேன் தவசி:
"எத்தனை பேர் போகலாம்?"
இரண்டு.
"பின்னாடி சீட் இருக்கே?"
அது காய்கறிப் பைக்கு.
"மைலேஜ்?"
மீட்டரைக் காட்டினேன்.
எட்டா மூன்றா, செத்த எழுத்தில் தெரியவில்லை.
அவர் எட்டு என்றார்.
நான் மறுக்கவில்லை.

எஞ்சினை அணைத்தேன்.
சூடு இறங்கும் இரும்பு உள்ளே டிக்,
கொஞ்சம் விட்டு டிக்,
இன்னும் கொஞ்சம் விட்டு.
கதவைச் சாத்திக்கொண்டு
இடைவெளிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
மேலே என் வீட்டில் விளக்கு எரிந்தது.
இட்லிக்கு மாவு வாங்க மறந்துவிட்டேன்.